பதின்மூன்றாவது குழு

வீட்டில் அவருக்கு ‘ரிமோட்’ என்று பெயர். அக்காவின் கணவர் வைத்த பெயர் அது. படிப்பை முடித்ததும் அவர் சேர்ந்தது, பெரிய வீடுகளின் வாயிற்கதவுகளைக் காரில் இருந்தபடியே திறக்கும் கருவியைப் பொருத்தித் தரும் ஒரு கடையில். பிறகு கார்ப் பூட்டுகளைப் பழுதுபார்த்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து இன்னோரிடத்தில் ஒன்றை நடக்கச் செய்வதே அவர் வாழ்நாள் தொழிலாக அமைந்தது. மின்விசிறியைப் போடக்கூட மைத்துனன் எழுந்து போவதில்லை, அதற்கும் ஒரு பொத்தான் செய்து வைத்திருக்கிறான் என்று மாமா பார்ப்பவரிடமெல்லாம் சொல்லுவார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நாற்பதைக் கடந்தும் அவர் மணம் முடிக்கவில்லை. அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை, சாப்பாடு கீழே. அக்கா தையல்காரி. வாசல் அறையில் சன்னலை ஒட்டி அவளுடைய இயந்திரம் இருக்கும். அதன் ஓசை நின்றால்தான் மாடியில் இருப்பவருக்குச் சாப்பாட்டு நேரம் என்று தெரியும். பள்ளி திறக்கும் மாதங்களில் சீருடைத் துணிகள் நாற்காலிகளில் குவிந்துவிடும். அப்போது வீட்டில் மூவரும் நின்றுகொண்டே உண்பார்கள்.

அண்மை ஆண்டுகளில் அவர் பார்த்துவந்த வேலையை அக்காவுக்கு விளக்க அவர் பலமுறை முயன்று தோற்றிருக்கிறார். இசை நிகழ்ச்சி நடக்கும் பேரரங்கத்தில் ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு மணிக்கட்டுப் பட்டை வைக்கப்பட்டிருக்கும். பார்வைக்குக் குழந்தைகளின் விளையாட்டுக் கடிகாரம் போன்றது. உள்ளே பொத்தான் அளவில் ஒரு பேட்டரி, நெல்மணி அளவில் சில விளக்குகள், வானொலி அலையைக் கேட்கும் ஒரு சில்லு. எந்தப் பட்டை எந்தக் குழு என்பதை முன்பே அதில் பதித்துவிடுவார்கள். அரங்கின் நடுவே கட்டுப்பாட்டு மேசையில் அமர்ந்து அவர் ஒரு பொத்தானைத் தொட்டால், மேடைக்கு மேலுள்ள ஆண்டெனா வழியே கட்டளை பாயும். இடப்பக்கத்தார் கைகள் சிவக்கும், வலப்பக்கத்தார் கைகள் பச்சையாகும், பாட்டின் தாளத்துக்கு ஏற்ப நிறம் அலைபோல அரங்கைச் சுற்றி வரும்.

“அவங்கவங்க கையில இருக்கறத அவங்கவங்களே போட்டுக்க மாட்டாங்களா? அதுக்கு ஒரு ஆளா?” என்பது அக்காவின் ஐயம்.

அவ்வேலையில் ஒரு குறை உண்டு. பட்டைகள் கேட்கும், பதில் சொல்லா. அனுப்பிய கட்டளை யார் கையில் சேர்ந்தது, யார் கையில் சேரவில்லை என்று மேசைக்குத் தெரிய வழியில்லை. மேடை விளக்கும் புகையும் கண்ணை மறைக்க, கணினித் திரையை விட்டுத் தலை நிமிரவும் நேரம் இராது. அதனால் மேசையின் விளிம்பில் ஒரு பட்டையைக் கட்டித் தொங்கவிடுவது அத்தொழிலில் உள்ளோர் வழக்கம். ‘சாட்சி’ என்று அதற்குப் பெயர். சாட்சி எரிந்தால் அரங்கம் எரிந்தது என்று பொருள். எல்லாரும் அப்படித்தான் வேலை செய்தார்கள். அவரும் அப்படித்தான் செய்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் தொட வேண்டிய பொத்தான் ஒன்று இருந்தது. அரங்கின் கூரை விளக்குகள் பழையவை. போட்டவுடன் எரியாமல் மெல்ல மெல்லத்தான் வெளிச்சம் தரும். அதுவரை மக்கள் படிகளைப் பார்த்து இறங்குவதற்காகப் பட்டைகள் யாவும் வெண்மையாக எரியும். ‘வெளியேற்றம்’ என்ற அந்தப் பொத்தானை அவருக்கு முன்பு அம்மேசையில் இருந்தவர் அமைத்துவிட்டுப் போயிருந்தார். இந்த ஏற்பாடு வந்தபின், படிக்கட்டுகளில் டார்ச் பிடித்து நின்ற ஊழியர்களில் பாதிப் பேரை அரங்க நிர்வாகம் குறைத்துவிட்டது. எஞ்சியவர்களில் மூத்தவர் ஒருவர், மேல்தளத்தில் இரண்டு படிக்கட்டுகளுக்கும் தாம் ஒருவராக ஓடிக்கொண்டிருந்தார். அவரை எல்லாரும் டார்ச்சண்ணன் என்பார்கள்.

அக்கா ஒருமுறையும் அரங்கத்துக்கு வந்ததில்லை. கூட்டம் ஆகாது, முழங்கால் ஆகாது, தைக்கக் கிடக்கிறது என்று ஏதாவது சொல்லித் தட்டிவிடுவாள். அந்த ஆண்டு, அவள் இளவயதில் விரும்பிக் கேட்ட பாடகி ஒருவர் பாட வருவதாகத் தெரிந்ததும், மாமா சொல்லியும் கேட்காதவள் தானே வருவதாகச் சொன்னாள். அவர் மேல்தளத்தில், படிக்கட்டை ஒட்டிய ஓர இருக்கையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். முழங்காலுக்கு வசதி என்று அவரே தேர்ந்த இடம் அது. மாமாவுக்குப் பாட்டில் நாட்டமில்லை. வாயிலில் காத்திருப்பதாக ஏற்பாடு.

இருக்கை கொடுத்ததோடு அவர் நின்றிருக்கலாம். அரங்கில் பன்னிரண்டு குழுக்கள் இருந்தன. அவர் பதின்மூன்றாவதாக ஒன்றை உண்டாக்கி, அக்காவின் பட்டையை மட்டும் அதில் பதித்தார்.

நிகழ்ச்சியின் நடுவில் மெதுவான பாட்டு ஒன்று வந்தது. பன்னிரண்டு குழுக்களையும் அவர் ஆழ்ந்த நீலத்தில் வைத்தார். பிறகு பதின்மூன்றாவது குழுவை மஞ்சளாக்கினார். அன்று அவர் சாட்சியைப் பார்க்கவில்லை. தலை நிமிர்ந்து, பின்னால் திரும்பி மேல்தளத்தைப் பார்த்தார். கடல்போன்ற நீலத்தில் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி. அது முதலில் அசையாமல் இருந்தது. பிறகு மெல்ல உயர்ந்தது. பிறகு, வெட்கத்தை விட்டுவிட்டதுபோல, இப்படியும் அப்படியும் ஆடியது. பாட்டு முடிந்ததும் அதை அணைத்துவிட்டு அடுத்த வேலைக்குத் திரும்பினார்.

நிகழ்ச்சியின் முடிவில் வெளியேற்றப் பொத்தானைத் தொட்டார். சாட்சி வெண்மையாக எரிந்தது. எழுந்து கம்பிகளைச் சுருட்டத் தொடங்கினார்.

மாமா அழைத்தபோது அவர் கையில் இன்னும் கம்பி இருந்தது. “உங்க அக்கா படியில விழுந்துட்டா. பதறாத. உயிருக்கு ஒண்ணும் இல்ல. கைதான்” என்றார் மாமா.

வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனையில் கட்டுப் போட்டு முடிக்கும்வரை அக்கா முறிந்த கையைப் பற்றிப் பேசவே இல்லை. மற்றக் கையைப் பற்றியே பேசினாள். செவிலியிடம் சொன்னாள், கட்டுப் போட்டவரிடம் சொன்னாள், அடுத்த கட்டிலில் இருந்தவளின் மகளிடமும் சொன்னாள். அத்தனை பேர் கையும் நீலமாக இருக்க என் கை மட்டும் மஞ்சளாக எரிந்தது. என் தம்பி செய்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் திரும்பிப் பார்த்தவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

“அந்தப் பாட்டுக்கப்புறம் என்னது எரியவே இல்ல. கடைசியில எல்லார் கையும் வெள்ளையா எரிஞ்சுது. எனக்கு மட்டும் நீ ஏதோ வேற கலர் வெச்சிருக்கேன்னு நெனச்சு, அது வரட்டும்னு கையத் தூக்கிட்டு நின்னேன். சுத்தி இருந்தவங்க எல்லாம் எறங்கிப் போயிட்டாங்க, ஒரே இருட்டு. அந்த ஒரு பாட்டுக்கே என் பேட்டரிய எரிச்சுத் தீத்துட்டே போல” என்று அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அவரும் சிரித்தார். ஒரு பாட்டுக்கு எரிந்து தீர்கிற பேட்டரி அல்ல அது என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் அக்காவின் பட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அரங்கத்துக்குச் சென்றார். ஆளற்ற அரங்கில், சாட்சிக்குப் பக்கத்தில் அதையும் கட்டினார். மஞ்சளை அனுப்பினார், அக்காவின் பட்டை பளிச்சென்று எரிந்தது. வெளியேற்றப் பொத்தானைத் தொட்டார். சாட்சி வெண்மையாயிற்று. அக்காவின் பட்டை இருண்டே கிடந்தது. மீண்டும் தொட்டார். முந்தையவர் அந்தப் பொத்தானுக்குள் பன்னிரண்டு குழுக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வைத்திருந்தார். பதின்மூன்றாவது ஒன்று பிறக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதைப் பிறப்பித்தவர்தான் சேர்த்திருக்க வேண்டும். முதற்குழுவைச் சேர்ந்த சாட்சியோ, தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லியது.

பதின்மூன்றாவது குழுவைப் பொத்தானுக்குள் சேர்த்தார். இனி அது எரியும். அத்தோடு முடிந்தது என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு கணினியை மூடும்போதுதான் மேலாளர் உள்ளே வந்தார். யாரோ ஒரு பெண்மணி மேல்தளத்தில் விழுந்துவிட்டாராம், விசாரணை வைக்கச் சொல்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டார். அந்தப் பெண்மணி யார் என்று மேலாளருக்குத் தெரியாது.

“நம்ம ரிஸ்ட்பேண்டெல்லாம் ஒழுங்கா எரிஞ்சுதுல்ல?” என்றார்.

“எரிஞ்சுது சார்.”

கேட்டதும் சொன்னதும் அவ்வளவுதான். பட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, தாம் சொன்னது பெரும்பாலும் உண்மைதான் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். பல்லாயிரம் கைகளில் ஒன்று. அந்தக் கணக்கு அவருக்கு வீடு வரைகூடத் துணை வரவில்லை.

வீட்டில் தையல் இயந்திரம் ஓய்ந்து கிடந்தது. அதன் ஓசை இல்லாததால் மாடியில் அவருக்கு நேரம் தெரியவில்லை. பள்ளி திறக்கும் மாதம். சீருடைத் துணிகள் வெட்டப்படாமல் குவிந்திருந்தன. மாமா உதவுகிறேன் என்று கத்தரிக்கோலை எடுத்து, ஒரு காற்சட்டைக்கு இரண்டு இடக்கால்களை வெட்டி வைத்தார். “இந்தக் காலுக்கு ஏத்த பையனையும் நீங்களே கூட்டிட்டு வந்துருங்க” என்றாள் அக்கா. அவரும் சிரிப்பில் சேர்ந்துகொண்டு, அன்றிரவு உண்ண முடியாமல் தட்டோடு எழுந்துபோனார். அக்கா தன் இடக்கையால் சோற்றைப் பிசைய முயன்று சிந்திக்கொண்டிருந்தாள்.

அரங்க அலுவலகத்திலிருந்து அக்காவை அழைத்து, எப்படி விழுந்தீர்கள் என்று விசாரித்தார்கள். படிக்கட்டில் டார்ச்சுடன் ஊழியர் எவரேனும் நின்றாரா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். அது உண்மை. ஃபோனை வைத்தபின், தம்பி தனக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது, குரலைத் தாழ்த்தி, “என் கையில எரியலங்கறத மட்டும் சொல்லல. உன் பேரு அடிபடுமே. எனக்காகத்தான பண்ணே” என்றாள். அவர் தண்ணீர்க் குவளையை அவள் இடக்கையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

அடுத்த நிகழ்ச்சியில் மேல்தளத்தில் புதியவர் ஒருவர் நின்றார். டார்ச்சண்ணனை நிறுத்திவிட்டார்கள் என்று ஒலிப்பெட்டி தூக்குபவர்கள் பேசிக்கொண்டார்கள். விழுந்த அம்மாவே சொல்லிவிட்டாராம், படியில் ஆள் இல்லை என்று. இத்தனை ஆண்டு நின்ற கால், அன்றைக்கென்று பார்த்து நகர்ந்துவிட்டது, அவர் நேரம் என்றார்கள். அன்று வெளியேற்றப் பொத்தானைத் தொட்டபோது சாட்சி எரிந்ததைப் பார்க்க அவருக்கு முகம் இல்லை. மேலாளரின் அறைக்கதவு வரை போனார். உள்ளே விளக்கு எரிந்தது, பேச்சுக்குரல் கேட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பினார். அந்த நாளை பல நாள்களாக நீண்டது. மனிதன் தன் தவற்றுக்குக் கொடுக்கும் தவணைக்கு அளவே இல்லை.

ஒரு ஞாயிறு பிற்பகல், டார்ச்சண்ணன் வீடு தேடி வந்தார்.

அலுவலகத்தில் ஒருவரிடம் கெஞ்சி முகவரி வாங்கியிருந்தார். சலவை செய்த சட்டை. காலணியை வாசலில் ஓரமாகக் கழற்றி, நுனியைச் சுவருக்கு நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார். மாமா நாற்காலியில் கிடந்த துணிக்குவியலை நகர்த்தி இடம் செய்தார். வந்தவர் உட்காரவில்லை. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த ரிமோட், அந்தக் குரலைக் கேட்டதும் பாதிப்படியில் நின்றுவிட்டார்.

“கை எப்படிம்மா இருக்கு?” என்றார் வந்தவர். “வேலைக்காகக் கேக்க வரலம்மா. அது போனது போனதுதான். உங்களப் பாத்து ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நான் அங்க நின்னிருக்கணும்.”

அக்கா பதறிப்போனாள். ஃபோனில் கேட்டதற்குச் சொன்ன ஒரு ‘இல்லை’, ஒருவர் வேலையைக் கொண்டுபோகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. உட்காருங்கள் அண்ணே என்று பலமுறை சொன்னாள். அவர் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, அன்றைக்கு நடந்ததைத் தம் பங்குக்குச் சொன்னார். எதிர்ப் படிக்கட்டில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். அவரை இறக்க வேண்டியிருந்தது. இந்தப் பக்கத்தில் எல்லார் கையிலும் வெள்ளை வெளிச்சம் வந்துவிட்டது, பார்த்து இறங்கிவிடுவார்கள் என்று நம்பித்தான் அந்தப் பக்கம் போனார்.

“எனக்கு எரியலையேண்ணே” என்றாள் அக்கா, தன்னை மறந்து.

டார்ச்சண்ணன் நிமிர்ந்தார். “எரியலையா? எல்லாம் எரிஞ்சுதுன்னுதானம்மா சொன்னாங்க.”

“யாரு சொன்னா?”

“கண்ட்ரோல்ல உக்காந்திருப்பாரே, அந்த சார் சொன்னாராம். நல்ல மனுசன்தான். நான் மேலருந்து பாக்கறதால அவரு முதுகு மட்டும்தான் எனக்குத் தெரியும்.”

அக்கா மெல்லத் திரும்பி மாடிப்படியைப் பார்த்தாள். அவள் பார்வை போன வழியே மாமாவும் பார்த்தார். பின்னர் டார்ச்சண்ணனும் பார்த்தார்.

அவர் கீழே இறங்கி வந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பேட்டரி தீரவில்லை. நான் உன் பட்டையைத் தனியாகப் பிரித்தேன். வெளியேற்றத்தில் சேர்க்க மறந்தேன். மறுநாளே கண்டுபிடித்துவிட்டேன். மேலாளர் கேட்டபோது எரிந்தது என்று சொன்னேன். அண்ணன் வேலை போனதும் எனக்குத் தெரியும். சொல்லி முடித்ததும் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

மாமா தாம் நகர்த்திய துணிக்குவியலை மடிக்கத் தொடங்கினார்.

“விழுந்தது போகட்டும்” என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. “கை கூடிரும். உன்னக் காப்பாத்தறேன்னு நான் பாதியச் சொன்னேன். நீ அதப் பாத்துட்டுப் பேசாம இருந்தே. ரெண்டு பேருமாச் சேந்து இந்த மனுசன என் வாயாலயே வேலைய விட்டு அனுப்பிட்டோமேடா.”

டார்ச்சண்ணன் எழுந்துவிட்டார். அவருக்குக் கோபம் வந்ததா என்று அறிய முடியவில்லை. அவர் ரிமோட்டை நெடுநேரம் பார்த்தார். அதுவரை முதுகை மட்டுமே கண்டவர், முகத்தையும் பார்த்துக்கொள்வதுபோல. “என்கிட்ட சொல்லி என்ன சார் ஆகப்போகுது? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை நால்வருமாக மேலாளரின் அறைக்குச் சென்றார்கள். அக்கா வரவேண்டியதில்லை என்று மாமா சொல்லிப் பார்த்தார். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதல் ஆளாக அவளே ஏறினாள். விழுந்தவர் தம் பணியாளரின் அக்கா என்பதே மேலாளருக்கு அப்போதுதான் தெரிந்தது. தான் முன்பு சொன்னது பாதி என்று அவள் தொடங்க, மீதியைத் தம்பி சொன்னார். மேலாளர் கேட்டுவிட்டு, இதற்கா இத்தனை பேர் என்பதுபோல முதலில் பார்த்தார். பிறகு முகம் இறுகியது. எரிந்தது என்று என்னிடம் சொன்னீர்களே என்றார். ஆமாம் என்றார் அவர்.

டார்ச்சண்ணனை மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு படிக்கட்டுக்கு ஓர் ஆள் என்று அவர் கேட்டதையும், நிர்வாகம் முணுமுணுத்தபடியே ஒப்புக்கொண்டது. மேசைக்காரரை மேசையிலிருந்து எடுத்து, நிகழ்ச்சி முடிந்தபின் பட்டைகளைத் திரட்டித் துடைத்து, பேட்டரி மாற்றி, குழு பதிக்கும் பின்னறைக்கு அனுப்பினார்கள். அங்கே சன்னல் இல்லை. கூடை கூடையாகப் பட்டைகள் வரும். ஒவ்வொன்றையும் எரியவைத்துப் பார்த்துத்தான் பெட்டியில் வைப்பார். ஒன்றையும் விடமாட்டார். அவ்வளவு வேண்டாம், சிலவற்றைப் பார்த்தால் போதும் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

ஒருமுறை டார்ச்சண்ணன் பின்னறை வழியே போனபோது, அவர் ஒரு பட்டையை நீட்டி, படிக்கட்டில் நிற்கையில் கட்டிக்கொள்ளுங்கள் அண்ணே, எரியாவிட்டால் மேசைக்குச் சொல்லலாம் என்றார். டார்ச்சண்ணன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கூடையிலேயே வைத்தார். கையிலிருந்த டார்ச்சைத் தூக்கிக் காட்டி, “இது எரியலன்னா எனக்கே தெரியும் சார்” என்றார். குத்தலாகச் சொன்னதாகவும் தெரியவில்லை, மன்னித்ததாகவும் தெரியவில்லை.

அக்காவின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். மணிக்கட்டு முன்போல வளையவில்லை என்றாலும் இயந்திரம் மீண்டும் ஓடுகிறது. மாடியில் இருப்பவருக்கு நேரம் தெரிகிறது. அவர் மாடிக்குப் போகுமுன் அவளுக்காகத் துணிகளை வெட்டிக் கொடுக்கிறார். அவள் வழக்கம்போல் பேசுகிறாள், திட்டுகிறாள், இன்னொரு கரண்டி சோறு போடுகிறாள். ஒன்று மட்டும் மாறிவிட்டது. சீருடை வாங்க வந்த ஒரு பெண், எங்கோ கேள்விப்பட்டு, அத்தனை பேர் நடுவில் உங்கள் கை மட்டும் மஞ்சளாக எரிந்ததாமே என்று ஆவலோடு கேட்டாள். அவர் அப்போது கத்தரிக்கோலுடன் பக்கத்தில்தான் நின்றார்.

“ஆமா, ஏதோ எரிஞ்சுது” என்று சொல்லிவிட்டு, அக்கா குனிந்து ஊசியில் நூலைக் கோத்தாள்.